விண்டோஸ் போடும்போது பிழை வந்தால்: கடைக்காரர் கவனிக்க வேண்டியவை



விண்டோஸ் 10-க்குத் தந்துகொண்டிருந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதை ஒட்டி நம் கடைவீதிகளில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் பையன்களுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏற்றுவது, மெதுவாகிப் போனதை ஃபார்மட் அடித்து மறுபடி போடுவது என்று ஏதாவது ஒரு வேலை நடக்கிறது. பாதியில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமோ, தலைகால் புரியாத ஓர் எண்ணோ வந்து திரை நின்றுவிடுகிறது.

இந்தப் பாடம் மெக்கானிக்குகளுக்கு அல்ல. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கடை முதலாளிக்கு.

முதலில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீதியில் ஒரு மளிகைக் கடை. பெயர் வேண்டாம். தெரிந்த பையன் ஒருவன் விண்டோஸ் போட வந்தான். 'இந்த டிஸ்க்கில் விண்டோஸ் போட முடியாது' என்று செய்தி வந்தது. பையன் யோசிக்கவில்லை. திரையில் வரிசையாகத் தெரிந்த பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தான். செய்தி மறைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் விண்டோஸ் அழகாக ஏறிவிட்டது. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். பிறகுதான் கேட்டார்:

"தம்பி, கணக்கு எங்கேப்பா இருக்கு?"

"எந்தக் கணக்கு அண்ணாச்சி?"

ஆறு வருஷக் கணக்கு. கடனுக்குச் சரக்கு எடுத்த நூற்றுச் சொச்சம் பேருடைய பாக்கி. கடைசி இரண்டு வருஷத்தை டூப்ளிகேட் பில் கட்டுகளை வைத்து மூன்று மாதம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். அதற்கு முந்தைய நிலுவையில், நியாயஸ்தர்கள் தாமாக வந்து சொன்னது மட்டும்தான் வசூல். இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. அதிகாரி வந்து கேட்டால், 'பையன் டெலிட் பண்ணிவிட்டான்' என்பதைப் பதிலாகச் சொல்ல முடியுமா?

விண்டோஸ் போடும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு நாள் வியாபாரத்துக்கு மேல் நஷ்டம் செய்யாதவை. நஷ்டம் வருவது பிழையால் அல்ல. பிழைச் செய்தியை எப்படியாவது மறைய வைக்கவேண்டும் என்ற அவசரத்தால்தான். ஆகவே பையன் வருவதற்கு முதல் நாளே செய்யவேண்டியது ஒன்று உண்டு.

முதல் நாள் வேலை

கம்ப்யூட்டரில் இருக்கும் உங்கள் சொத்தை வெளியே எடுத்து வைப்பதுதான் அந்த வேலை. டாலி வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள பேக்கப் வசதி மூலம் ஒரு பிரதி எடுங்கள். அதோடு நில்லாமல், கணக்கு இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுதாகவும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை டாலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பார்க்கலாம். வேறு பில்லிங் சாஃப்ட்வேர் என்றால் விற்றவரிடமே கேட்டுவிடுங்கள். ஊகித்து எடுத்த பேக்கப்பில் பாதிதான் இருக்கும். டாலி லைசென்சை ஃபார்மட்டுக்கு முன் 'சரண்டர்' செய்துவிட்டு, பின்னர் மறுபடி ஆக்டிவேட் செய்வது முறை. இதை மறந்தவர்கள் மறுநாள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருக்கும் எக்செல் விலைப்பட்டியல், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் கொள்முதல் பில்கள், தராசு லேபிளுக்கான பொருள் பட்டியல் எல்லாம் இதில் சேர்த்தி. பலரும் விட்டுவிடுவது தமிழ் எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த லேபிள், ரசீது மாதிரிகளை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள்.

எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில், வீட்டிலோ ஆடிட்டர் ஆபீசிலோ, திறந்து பாருங்கள். நேற்றைய கடைசி பில் எண் தெரிகிறதா? தெரிந்தால்தான் அது பேக்கப். டாலி பேக்கப்பைத் திறக்க, எடுத்த அதே பதிப்போ அதற்குப் புதிய பதிப்போ வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று பிட்லாக்கர். பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், கம்ப்யூட்டர் அதற்கு ஏற்றதாக இருக்கும் பட்சத்தில் இந்தப் பூட்டு கேட்காமலே விழும். பயாஸ் அமைப்பில் கைவைத்த பிறகு கம்ப்யூட்டர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் மருமகனுக்கு மட்டும் தெரியும் என்றால், அவருக்கு முதல் நாளே போன் செய்துவிடுங்கள்.

லோடு எங்கே நின்றது?

சரக்கு லோடு வரவில்லை என்றால் நாம் என்ன கேட்போம்? மண்டியில் ஏற்றினார்களா, வழியில் நின்றதா, கடை வாசலுக்கு வந்தும் இறக்க முடியவில்லையா என்று கேட்போம். விண்டோஸ் பிழைக்கும் அதே கேள்விதான். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்தால் காரணத்தில் பாதி தெரிந்துவிடும். செய்தி வந்ததும் எதையும் அழுத்தாமல் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏதோ எரர் வந்தது' என்று சொன்னால் உலகத்தில் யாராலும் வைத்தியம் பார்க்க முடியாது.

தொடக்கத்திலேயே 'இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதல்ல' என்று வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தேவை. பல கம்ப்யூட்டர்களில் அது இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர். அதை 'எனேபிள்' செய்தால் தீர்ந்தது. இரண்டாவது காரணம் பிராசசரின் வயது. இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-வது தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்தையதில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏறும், உண்மை. ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பிள்ளைகள் படம் பார்க்கும் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு பரவாயில்லை. கல்லாவில் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பென் டிரைவே தெரியவில்லை, அல்லது 'மீடியா டிரைவர் காணவில்லை' என்று வருகிறதா? கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கும் முன் பென் டிரைவைச் சந்தேகியுங்கள். வேறு யு.எஸ்.பி. துளையில், முடிந்தால் பின்பக்கத் துளையில், செருகிப் பாருங்கள். விண்டோஸ் கோப்புகளை வெறுமனே காப்பி பேஸ்ட் செய்த பென் டிரைவ் சரிப்படாது. மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு, குறைந்தது 8 ஜி.பி. உள்ள பென் டிரைவில் புதிதாக எழுதவேண்டும். எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. விண்டோஸின் முக்கியக் கோப்பு பல சமயம் அதைத் தாண்டிவிடும். கையால் காப்பி செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரை

அண்ணாச்சியின் கணக்கு போன இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும், எந்தப் பகுதி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற அட்டவணை ஒன்று இருக்கும். பேரேட்டின் முதல் பக்கத்தில் யார் கணக்கு எந்தப் பக்கம் என்று எழுதி வைப்போமே, அது போல. இந்த அட்டவணையை எழுதுவதில் இரண்டு முறைகள். பழையது எம்.பி.ஆர்.; 2 டி.பி. அளவு வரைதான் அதற்குக் கணக்குத் தெரியும். புதியது ஜி.பி.டி. கம்ப்யூட்டர் எழுந்திருப்பதிலும் அதேபோல இரண்டு முறைகள்: பழைய பயாஸ் முறை, புதிய யு.இ.எஃப்.ஐ. முறை. பழைய முறையில் எழுந்தால் விண்டோஸ் எம்.பி.ஆர். டிஸ்க்கைத்தான் ஏற்கும். புதிய முறையில் எழுந்தால் ஜி.பி.டி.யைத்தான் ஏற்கும். ஜோடி மாறினால் 'இந்த டிஸ்க்கில் விண்டோஸ் போட முடியாது' என்ற செய்தி வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உள்ளே இருக்கும் கணக்கு பத்திரமாகவே இருக்கிறது.

செய்தி, டிஸ்க் ஜி.பி.டி. என்று சொன்னால், பென் டிரைவ் பழைய முறையில் எழுந்திருக்கிறது. கேன்சல் கொடுத்து, கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, பூட் மெனுவை வரவழையுங்கள். எஃப் 12, எஃப் 11, எஃப் 9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். ஒரே பென் டிரைவ் அங்கே இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பைசா செலவில்லை, ஒரு எழுத்தும் அழியாது.

டிஸ்க் எம்.பி.ஆர். என்று சொன்னால், வேலை கொஞ்சம் கூடுதல். விண்டோஸ் 11-க்கு யு.இ.எஃப்.ஐ. முறைதான் சரி என்பதால் அட்டவணையை மாற்றவேண்டும். அழிக்காமலே மாற்றும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. எம்.பி.ஆர். டு ஜி.பி.டி. என்று பெயர், 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து உண்டு. முதலில் 'வேலிடேட்' கொடுத்து மாற்ற முடியுமா என்று சோதித்துவிட்டு, பிறகு 'கன்வெர்ட்' கொடுப்பது முறை. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். மாற்றியபின் பயாஸிலும் யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்றவேண்டும், இல்லையேல் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. உங்கள் பையனுக்கு இது தெரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இந்தத் திரையில் இன்னொரு பொறி உண்டு. இங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 1' என்றுதான் தெரியும். 'டி டிரைவில்தான் கணக்கு இருக்கிறது, சி-யை மட்டும் அழி' என்று நீங்கள் சொன்னால், எது சி என்று பையன் அளவை வைத்து ஊகிக்கவேண்டும். முதல் நாளே ஒவ்வொரு டிரைவின் மொத்த அளவையும் துண்டுச்சீட்டில் குறித்துக் கொடுங்கள். எஸ்.எஸ்.டி. ஒன்றும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை யாராலும் தவறி அழிக்க முடியாது. விண்டோஸ் எழுவதற்கான கோப்புகள் தவறான டிஸ்க்கில் போய் உட்காரும் வம்பும் மிச்சம். 24எச்2 பதிப்பின் புதிய திரையில், எல்லாம் அழியும், சம்மதம் என்று டிக் அடிக்கச் சொல்லி ஒரு கட்டம் வரும். அந்த டிக்கை முதலாளி தவிர வேறு யாரும் அடிக்கக்கூடாது என்று எங்கள் கடையில் விதி வைத்திருக்கிறேன்.

டிஸ்க்கே தெரியவில்லை, 'டிரைவ் எதுவும் காணோம்' என்று வருகிறதா? இன்டெல் 11-வது தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்புகளில் வி.எம்.டி. என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்கான டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு 'லோடு டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும். இது தெரியாமல் டிஸ்க் போய்விட்டது என்று புதிய எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களும் உண்டு. பழைய டெஸ்க்டாப்பில் தெரியவில்லை என்றால் சாட்டா ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தாலும் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும். கடிகாரம் பல வருஷம் பின்னால் காட்டுவது அதற்கு அடையாளம். அற்ப விலைப் பேட்டரி அது.

தப்பித்தவறி டெலிட் கொடுத்துவிட்டால்? உடனே நிறுத்துங்கள். மேற்கொண்டு எதையும் போடாமல் கம்ப்யூட்டரை அணையுங்கள். டெலிட் செய்தபோது அழிந்தது பெரும்பாலும் அந்த அட்டவணை மட்டுமே. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், தெரிந்தவர் கையில் கொடுத்தால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்மேல் விண்டோஸ் எழுதப்பட்டபிறகு வாய்ப்பு வெகுவாகக் குறையும். எஸ்.எஸ்.டி. என்றால் அழித்த இடத்தை அதுவே சுத்தம் செய்துகொள்ளும் குணமுடையது. நம்பிக்கை இன்னும் குறைவு. அண்ணாச்சி கடையில் டெலிட்டோடு நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

எண்களாக வரும் பிழைகள்

கோப்புகள் ஏறும்போது பாதியில் வரும் எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யமும் எக்ஸ் எழுத்தும் இருக்கும். அதை விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள். 80070070 என்றால் டிஸ்க்கில் இடம் போதவில்லை. 80070570, 8007025டி என்றால் கோப்பைச் சரியாகப் படிக்க முடியவில்லை. பென் டிரைவை மறுபடி எழுதுங்கள். புதிய பென் டிரைவிலும் அதே எண் வந்தால், அடுத்த சந்தேகம் ரேம் மீது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். மூட்டைத் தூசியும் மிளகாய் நெடியும் உள்ள நம் கடைகளில் ரேமின் முனைகளில் அழுக்குப் படிவது சகஜம். ரேமும் சரி என்றால், டிஸ்க்கே முடிவுக்கு வந்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட டிஸ்க்கில் விண்டோஸை வற்புறுத்தி ஏற்றாதீர்கள்.

ஃபார்மட் இல்லாமல் 10-லிருந்து 11-க்கு ஏற்றும்போது சி1900101 என்று தொடங்கும் எண் வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை. பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுசும் போதும். வெளியில் வாங்கிய ஆன்ட்டி வைரசையும் நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். இந்த வழியில் ஏற்றினால் பழையது 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் இருக்கும். ஆனால் 10 நாளில் அது தானாகவே அழிந்துவிடும். அதை பேக்கப் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எல்லாம் ஏறி, கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து, திரும்பவும் முதல் திரையிலேயே வந்து நிற்கிறதா? பென் டிரைவைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டர் மறுபடி அதிலிருந்தே எழுகிறது, அவ்வளவுதான். சிரிக்காதீர்கள், இதற்காக அரை நாள் உட்கார்ந்தவன் நான்.

நாள் பார்ப்பது

யு.பி.எஸ். பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். நடுவில் கரண்ட் போனால் இதுவரை சொன்ன எல்லாப் பிழைகளும் சேர்ந்து வரும். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர். 1 தாக்கல் செய்யும் 11-ம் தேதியும், 3பி தாக்கல் செய்யும் 20-ம் தேதியும் நெருங்கும் நாட்களில் இந்த வேலையை எடுக்காதீர்கள். பண்டிகை வாரம் கூடவே கூடாது. வாரத்தில் கடை மந்தமாக இருக்கும் ஒரு நாள் மதியம் போதும்.

விண்டோஸ் ஏறியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பையன் கிளம்பப் பார்ப்பான். உட்கார வையுங்கள். பில் பிரிண்டருக்கு டிரைவர் போட்டு ஒரு பில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுவே தனி வேலை. பார்கோடு ஒன்றை ஸ்கேன் செய்யுங்கள். லேபிளில் தமிழ் எழுத்து சரியாக வருகிறதா, கையெழுத்து டோக்கனை ஜி.எஸ்.டி. தளம் ஏற்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கணக்கைத் திறந்து, முதல் நாள் குறித்து வைத்த கடைசி பில் எண்ணையும் கல்லா ரொக்க இருப்பையும் ஒத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பையனுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பலாம்.